ஒன்பது மல்பெரிக் கன்றுகளும் கிணற்றடிப் பழைய மரமும்: மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மேலூர் வட்டத்தில், அழகர்மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் தோட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு புரட்டாசிக் கடைசியில், அடைமழை பிடிப்பதற்குள் நட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், மதுரையிலிருந்து நத்தம் போகும் சாலையோரத்து நாற்றுப் பண்ணை ஒன்றில் ஒன்பது மல்பெரிக் கன்றுகள் வாங்கினேன். சாதாரண மல்பெரி என்று ஆறு, கன்று 80 ரூபாய். நீளப்பழ மல்பெரி என்று மூன்று, கன்று 450 ரூபாய். ஆக 1,830 ரூபாய். வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் அந்தப் பண்ணைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆறு மாதம் கழித்து எழுதியிருந்தால் கோபத்தில் ஒன்றுக்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன். மரக்கன்று வாங்கியதைப் பற்றிச் சொல்ல மரம் காய்க்கும்வரை காத்திருப்பதே முறை என்பதால் மூன்று ஆண்டுகள் பொறுத்து எழுதுகிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. பண்ணையின் பெயரை எழுதவில்லை. நான் குறையாகச் சொல்லப்போவதை வேறு சில பண்ணைகளிலும் பின்னர் பார்த்துவிட்டேன் என்பதால், ஒரு கடையை மட்டும் கைகாட்டுவது நியாயமாகாது.

முதலில் நிறையைச் சொல்கிறேன். கன்றுகளை ஏற்றிவந்த வண்டியுடன் பண்ணைக்காரரும் தோட்டத்துக்கு வந்தார். அதற்கு அவர் தனியாகப் பணம் கேட்கவில்லை. எங்கள் கிணற்றடியில், நாங்கள் இடம் வாங்கிய நாளிலிருந்தே, பெயர் தெரியாத ஒரு மரம் நின்றது. ஏறத்தாழ இருபத்தைந்து அடி உயரம். அடிமரம் குட்டையாகவும் முண்டும் முடிச்சுமாகவும் இருந்தது. அதிலிருந்து ஐந்தாறு கிளைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தன. காய்த்துப் பார்த்ததில்லை. ஊரில் ஒருவர் அதைக் காட்டுப் பூவரசு என்றார். இன்னொருவர் பிராய் மரம் என்றார். வெட்டி விறகாக்கிவிடுங்கள் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். பண்ணைக்காரர் ஒரு கொழுந்தை இலைக்காம்போடு கிள்ளினார். கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் துளிர்த்தது. "அண்ணே, இது கம்பளிச்செடிதேன். வெட்டாம விட்டதுல மரமாயிருச்சு" என்றார். கம்பளிச்செடி என்பது மல்பெரிதான். எங்களுக்கு முன்பு இடத்தை வைத்திருந்தவர் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்தவர் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. புழுவுக்காகத் தரையை ஒட்டி வெட்டி வெட்டிக் குத்தாக வைத்திருந்த செடிகளில் தப்பிய ஒன்றுதான் அது. ஒரே இடத்திலிருந்து கிளைகள் கிளம்பியதற்கும் அடிமரம் முண்டாக இருந்ததற்கும் காரணம் அந்தப் பழைய அரிவாள்தான். அன்று அவர் வந்திருக்காவிட்டால் அந்த மரம் இன்று இருந்திருக்காது. அந்த ஒரு மணி நேரத்தை நான் வாங்கிய கன்றுகள் அனைத்தையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த மரத்தை அடையாளம் காண்பதில் நம் பக்கத்தில் குழப்பம் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும். பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. கம்பளிச்செடி, முசுக்கட்டை, பட்டுப்புழுச்செடி, மல்பெரி என்று ஒன்றுக்கே பல பெயர்கள். இணையத்தில் 'இந்தியன் மல்பெரி' என்று விற்கப்படுவதோ வேறொன்று. அது நம் மஞ்சணத்தி, அதாவது நுணா. மஞ்சணத்தி காப்பிச்செடியின் குடும்பம். அதன் இலைகள் எதிரெதிராக இணைந்து வரும், கிள்ளினால் பால் வராது, கட்டையை வெட்டினால் மஞ்சளாக இருக்கும். மல்பெரியோ ஆல், அரசு, அத்தி, பலா ஆகியவற்றின் குடும்பம். ஆகவே பால் வரும். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வரும். பலாப்பழத்தையும் மல்பெரிப்பழத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு விளங்கும். இரண்டுமே ஒரு பூவில் விளைந்த ஒரு பழம் அல்ல. பல பூக்கள் சேர்ந்து ஒரே பழமாகத் திரண்டவை.

இலையின் வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஒரே மரத்தில், சில நேரம் ஒரே கிளையில், பூவரசு இலை போல முழு இலையும், கையுறை போல ஒரு பக்கம் மட்டும் பிளந்த இலையும், மூன்று நான்காகக் கிழிந்த இலையும் சேர்ந்தே இருக்கும். இளங்கன்றிலும் வெட்டியபின் துளிர்க்கும் கிளையிலும் பிளவு அதிகமாக இருக்கும். எங்கள் கிணற்றடி மரத்துக்கு ஊரார் ஆளுக்கொரு பெயர் சொன்னதற்கு இதுவும் காரணம். அவரவர் பார்த்த இலை வேறு. மாறாத அடையாளங்கள் சில உண்டு. இலையின் ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். பூவரசில் அந்தப் பல் கிடையாது. காம்பு சேரும் இடத்திலிருந்தே மூன்று பெரிய நரம்புகள் விரிந்து ஓடும். பிராய் மரமும் இதே குடும்பம்தான், அதற்கும் பால் உண்டு. ஆனால் அதன் இலை சிறியது, உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது, தேய்த்தால் நகமே மெருகேறும். தேன்பழ மரத்தின் இலையிலும் ரம்பப் பல் உண்டு. அதைத் தொட்டால் பிசுபிசுக்கும், பால் வராது, அதன் வெள்ளைப் பூ தூரத்திலிருந்தே தெரியும். மல்பெரிப் பூ கண்ணில் படுவதே அரிது.

அந்தப் பூவைத் தேடிப் பார்த்தால்தான் ஆணா பெண்ணா என்பது புரியும். வெட்டிவிட்டுப் புதுத்துளிர் வரும்போது இலைக்கக்கத்தில் பாருங்கள். தளர்ந்து தொங்கும் மஞ்சள் கலந்த பச்சைச் சரம் என்றால் ஆண். குட்டையாக, முட்டை வடிவில், மேலெல்லாம் இரட்டை நுனியுள்ள வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் பெண், அதுதான் பழமாகும். பெரும்பாலான மல்பெரி மரங்கள் ஒன்று ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும். இரண்டும் ஒரே மரத்தில் வருவதும் உண்டு. எங்கள் கிணற்றடி மரம் ஆண். அதனால்தான் காய்க்கவில்லை. பண்ணைக்காரர் அதைச் சொல்லவில்லை. வெட்டிவிட்டால் காய்க்கும் என்றார். வெட்டினோம், சரம் சரமாகப் பூத்தது, ஒரு பழமும் இல்லை. பெண் மரம் பல வகைகளில் ஆண் துணையில்லாமலே பழம் தரும் என்பதால், பழத்துக்காக ஆண் மரம் ஒன்றைக் காப்பாற்ற வேண்டிய தேவையும் கிடையாது.

ஆண் மரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மல்பெரியின் ஆண் பூ, மகரந்தத்தைக் காற்றில் உதறுவது கிடையாது; விசைவில் போல வீசி எறிகிறது. 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், அந்த வீச்சு ஒலியின் வேகத்தில் பாதியைத் தாண்டுகிறது என்று அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டூசான், எல் பாசோ போன்ற ஊர்களில் ஒவ்வாமைக்குப் பயந்து ஆண் மல்பெரி விற்பனைக்கே தடை போட்டிருக்கிறார்கள். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், சன்னலுக்கு நேரே ஆண் மரத்தை வளரவிடாதீர்கள். எங்கள் மரம் வீட்டிலிருந்து நூறடி தள்ளி நிற்கிறது. போதாததற்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆட்டுக்காகக் கவாத்து செய்துவிடுவதால் பூ முற்றுவதற்கே வாய்ப்பில்லை.

இனி கன்றுகளுக்கு வருகிறேன். சாதாரண மல்பெரி ஆறும் குச்சி போட்டு வளர்த்தவை. சுண்டுவிரல் பருமன், மூன்றடி உயரம், பசுமையான இலை. பைகளின் அடியைக் கீறிப் பார்த்தபோது நான்கில் வேர் சுருண்டிருந்தது. நடும்போது சுருளை வெட்டிவிட்டேன். ஐந்து கன்றுகள் அடுத்த ஆண்டு தையிலேயே காய்த்தன. ஒன்று மட்டும் வளராமல் நின்றது. தண்ணீர் விட்டும் வாடியது, இலை வெளிறியது. பங்குனியில் பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் கடுகும் மிளகும் கோத்தது போல முடிச்சுகள். வேர்முடிச்சு நூற்புழு. அவரை, தட்டைப்பயறின் வேரில் இருக்கும், மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும் நல்ல முடிச்சு விரலால் தள்ளினால் உதிரும்; இது வேரோடு சேர்ந்தே வீங்கியிருக்கும், உதிராது. பைமண்ணோடு இது தோட்டத்துக்குள் வந்துவிட்டால் கத்தரி, தக்காளி, வெண்டை என எல்லாவற்றையும் பிடிக்கும் என்பதால் எனக்கு உண்மையிலேயே கலக்கமாகிவிட்டது. வேரைப் படம் எடுத்துக் காட்டியதும் பண்ணைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு கன்று தந்தார், வேப்பம்புண்ணாக்கு இரண்டு கிலோவும் சேர்த்துத் தந்தார். அந்தக் குழியில் மரம் வைக்காமல் ஓராண்டு செண்டுப்பூ போட்டோம். செண்டுச் செடியின் வேர் இந்தப் புழுவைக் குறைக்கும். பூவை மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பிய காசு தனி. ஆனாலும் பைமண்ணைச் சோதிக்காமல் விற்றது பிழை. நீங்கள் எங்கே வாங்கினாலும், பணம் கொடுக்குமுன் ஒரு பையையாவது பிரித்து வேரைப் பாருங்கள். நல்ல பண்ணைக்காரர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

எனக்கு மனத்தாங்கல் அந்த மூன்று நீளப்பழக் கன்றுகளில்தான். நீளப்பழ மல்பெரி என்பது 6 முதல் 10 சென்டிமீட்டர் வரை, முருங்கைப்பூங்காய் போல மெலிந்து நீளும் பழம். தித்திப்பு அதிகம், புளிப்பு குறைவு. அதற்காகத்தான் ஐந்து மடங்குக்கு மேல் விலை. இரண்டாம் ஆண்டு காய்த்தபோது ஒரு மரத்தில்தான் அப்படி வந்தது. மற்ற இரண்டிலும் கட்டைவிரல் நுனியளவுப் பழம். உசிலம்பட்டிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் என் சின்ன மாமனார் ஒருமுறை வந்தபோது இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது வி1. எங்க தோட்டத்துல அம்புட்டும் இதுதேன்" என்றார். வி1 என்பது மைசூரில் உள்ள மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 1997இல் வெளியிட்ட இலை ரகம். கரும்பச்சையாக, தடித்துப் பளபளப்பாக, பிளவே இல்லாமல், காம்பு சேரும் இடத்தில் வெட்டிவிட்டது போல நேராக இருக்கும் பெரிய இலை. புழுவுக்கு அருமையான ரகம். ஏக்கருக்கு ஐயாயிரம் செடி வரை நடும் பயிர் என்பதால் அதன் நாற்று சில ரூபாய்க்கே கிடைக்கும். அதைத்தான் நான் 450 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன்.

பின்னோக்கிப் பார்த்தால், வாங்கிய அன்றே கண்டுபிடித்திருக்கலாம். உண்மையான கன்றில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டுக் கட்டிய தழும்பும் அதைச் சுற்றி நெகிழித்தாளும் இருந்தன. மற்ற இரண்டில் ஒட்டுத் தழும்பே இல்லை. அவை குச்சியிலிருந்து நேரே வளர்ந்தவை. விலை உயர்ந்த வகை என்றால் ஒட்டு எங்கே என்று கேளுங்கள். ஒட்டுக்கன்று வாங்கியவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தழும்புக்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிச்செடி ஓங்கி மேலே உள்ள நல்ல வகையை அமுக்கிவிடும். பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டேன். "வெளியூர் லோடுல வர்றது அண்ணே, சீட்டுல போட்டிருக்கறதச் சொல்லி விக்கிறோம்" என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தது இதற்காகத்தான். தான் காய்த்துப் பார்க்காத ஒன்றை இன்னதென்று உறுதி சொல்லி விற்கக் கூடாது. காய்த்த தாய்மரம் ஒன்றைப் பண்ணையிலேயே வைத்துக் காட்டுவது அவ்வளவு கடினமான காரியமும் அல்ல.

மரங்களோடு வாழ்வதைப் பற்றி விற்கும் இடத்தில் யாரும் சொல்லுவதில்லை என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு கன்றுகளை ஆசையாக முற்றத்தை ஒட்டி வைத்தேன், அது தவறு. பழுத்த மல்பெரி தானாக உதிரும். சிமெண்டுத் தளம், வண்டி, காயும் வேட்டி எதுவும் தப்பாது. உதிர்வது பாதி என்றால், பழத்தைத் தின்ற கொண்டைக்குருவியும் மைனாவும் குயிலும் எச்சமாகப் போடுவது மீதிப் பாதி. கறை பட்ட துணியை முதலில் சோப்பில் போட்டால் கறை நீலமாகி நிற்கும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்தால் சிவந்து, பிறகு அலசும்போது வெளுக்கும். பழத்தின் நிறப்பொருள் சோப்பில் உள்ள காரத்தில் நீலமாகவும் புளிப்பில் சிவப்பாகவும் மாறும் தன்மையுடையது. மரத்தில் இருக்கும் சிவந்த காயையே கசக்கித் தேய்ப்பாள் என் மனைவி. அதன் புளிப்பும் அதே வேலையைச் செய்கிறது. அந்தக் காயைப் பிள்ளைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வயிற்றைப் புரட்டும்.

முற்றத்து மரங்கள் இரண்டையும் மறு ஆண்டு மழைக்காலத்தில் வெட்டிக் குறுக்கி, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் மாற்றி நட்டோம். அதுதான் சரியான இடம். உதிர்ந்த பழம் மண்ணில் கிடந்து புளித்து ஈ மொய்க்குமுன் கோழிகள் தீர்த்துவிடுகின்றன. வேரையும் நினைவில் வைக்க வேண்டும். கிணற்றடி மரத்தின் வேர் கற்சுவரின் இடுக்கில் நுழைந்து இரண்டு கற்களை உள்ளே தள்ளியிருக்கிறது. கிணறு, தொட்டி, கழிவுநீர்க் குழி ஆகியவற்றிலிருந்து இருபதடியாவது தள்ளி நடுங்கள். அந்த மரத்தை வெட்டச் சொன்ன கொத்தனாரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான் சுவரைப் பூசிவிட்டு, மரத்தை ஆறடிக்கு மேல் வளரவிடாமல் வைத்திருக்கிறேன்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஆண் மரமும் வி1 மரமும் வீண் அல்ல. மல்பெரி இலையின் உலர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை புரதம் இருக்கிறது. எங்கள் ஏழு வெள்ளாடுகள் அகத்தியைவிட இதற்குத்தான் முதலில் ஓடுகின்றன. ஏமாந்து வாங்கிய இரண்டு மரங்களையும் பிடுங்காமல் வைத்திருப்பது இதனால்தான். தண்ணீர் முதல் ஆண்டுக்குச் சொட்டுநீராக வேண்டும். வேர் பிடித்தபின் கத்திரி வெயிலில்கூட வாரம் ஒருமுறை போதுமானதாக இருந்தது.

நோய் என்று வந்தது துக்ரா. நுனிக்கொழுந்து முறுக்கிச் சுருண்டு, பிரித்தால் உள்ளே வெள்ளை மாவோடு இளஞ்சிவப்புப் பூச்சி. மாவுப்பூச்சி என்றாலே இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் பழைய பயம் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டின் மல்பெரித் தோட்டங்களையே வெள்ளையடித்தது போல ஆக்கியது; 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, அந்தப் பூச்சியை அழிக்கும் சிறு குளவிகளை விட்ட பிறகுதான் அது அடங்கியது. எங்களுக்கு வந்தது அதுவல்ல என்று சின்ன மாமனார் தேற்றினார். சுருண்ட நுனிகளைக் கிள்ளி எரித்தோம்; மருந்து அடிக்கவில்லை. அடிக்கவும் கூடாது. பக்கத்தில் யாராவது பட்டுப்புழு வளர்த்தால் காற்றில் வரும் துளி மருந்தும் புழுவைக் கொன்றுவிடும். இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெய்க் கரைசலையோ புகையிலைக் கரைசலையோ அடிப்பதும் புழுவுக்கு நஞ்சுதான். இலை கேட்டு வருபவரிடம் எதை எப்போது அடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பழத்தை விற்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பறித்த மறுநாளே கசிந்துவிடும். காலை ஏழு மணிக்கு முன், பழைய நூல்சேலை ஒன்றை அடியில் விரித்துக் கிளையை மெல்ல உலுக்கினால் பழுத்தது மட்டும் விழும். தையிலும் ஆடியிலும், வெட்டிவிட்டு இலையை உருவிவிட்டால் இடையில் இன்னொரு முறையும், ஐந்து மரத்தில் நாளுக்கு இரண்டு மூன்று படி கிடைக்கிறது. 100 கிராமில் 36 மில்லிகிராம் அளவு வைட்டமின் சி உள்ள பழம் இது. மிஞ்சியதைச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி வைக்கிறோம்.

அந்த ஒரே உண்மையான நீளப்பழ மரத்தில் இந்த ஐப்பசியில் இருபது குச்சிகள் வெட்டிப் பையில் போட்டேன், ஆறு துளிர்த்தன. செய்தி தெரிந்து பண்ணைக்காரர் வந்தார். தாய்மரமாகப் பண்ணையில் நட இரண்டு கேட்டார். கொடுத்தேன். விலை பேசவில்லை, காய்த்த பிறகே அதிலிருந்து கன்று எடுத்து விற்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சரி என்று சொல்லிப் போயிருக்கிறார். அது காய்த்ததும் போய்ப் பார்த்துவிட்டு இந்த மதிப்பெண்ணைத் திருத்துகிறேன்.